பிபிஆர், துள்ளுமாரி தடுப்பூசி ரெண்டும் ஒரே நாளில் போடலாமா?

பட்டிக்காடு:
வணக்கம். 40 செம்மறி இருக்கு, அதுல 9 சினை. கூடவே 3 கறவை மாடு. மழைக்கு முன்னாடி ஆடுகளுக்கு பிபிஆர் (ஆட்டுக்கொல்லி நோய்), துள்ளுமாரி (குடல்ல நச்சு சேர்ற நோய்), மாட்டுக்குக் கோமாரி தடுப்பூசி போடணும். ஆட்டு ஊசி ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிடலாமா? ஊசி போட்ட இடத்துல சீழ்க்கட்டி ஏன் வருது? டவுன்ல இருந்து மருந்து வர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

கிடைமறி:
ஒரே நாள்ல வேண்டாம். நடுவுல 3 வாரம் விடுங்க. சுத்துவட்டாரத்துல பிபிஆர் நடமாட்டம் இருந்தா அதை முதல்ல போடுங்க. இல்லைன்னா துள்ளுமாரி முதல்ல. மழை பெஞ்சு இளம்புல் வந்ததும் துள்ளுமாரிதான் நல்லா கொழுத்த குட்டிகளைத் தூக்கிட்டுப் போகும். முதல் தடவை துள்ளுமாரி ஊசி போடுற ஆட்டுக்கு 2–3 வாரத்துல இன்னொரு டோஸ் வேணும், அப்புறம்தான் எதிர்ப்பு முழுசா வரும். அதனால மழைக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிக்கணும். குடற்புழு மருந்து அதுக்கும் ஒரு வாரம் முன்னாடி.

சினை ஆடுகளை ஒதுக்கிடாதீங்க. ஈன 4–6 வாரம் இருக்கறப்ப துள்ளுமாரி ஊசி போட்டா, சீம்பால் வழியா குட்டிக்கும் பாதுகாப்பு கிடைக்கும். ஆனா துரத்திப் பிடிக்கக் கூடாது, நெருக்கத்துல அடைச்சுத் தள்ளக் கூடாது. ஊசிக்கு அப்புறம் சினை கலைஞ்சு குட்டி விழுறதுக்குப் பல சமயம் அந்தத் தள்ளுமுள்ளுதான் காரணம்.

சீழ்க்கட்டி பெரும்பாலும் மருந்தால வர்றதில்ல. ஈரமான, சாணி ஒட்டின மயிர் மேல குத்தினா அழுக்கும் சேர்ந்து உள்ள போகும். பாட்டில்ல ஒரு ஊசியைக் குத்தியே வெச்சு அது வழியாத்தான் மருந்து உறிஞ்சணும். ஆட்டைக் குத்தின ஊசி திரும்ப பாட்டிலுக்குள்ள போகக் கூடாது. ஆட்டுக்கொரு ஊசி, 18 கேஜ் (ஊசியோட தடிமன்) போதும். கழுத்துத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடிச்சு அடிப்பக்கமா நுழைக்கணும். அவசரப்பட்டா ஊசி மறுபக்கம் வெளிய வந்துடும், மருந்து மயிர்லதான் இருக்கும். மயிர் நனைஞ்சிருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. அப்படிப்பட்ட ஆடுதான் 'ஊசி போட்டும் செத்துச்சு'ன்னு கணக்குல வரும்.

கால்நடை மருத்துவர்:
மேலே சொன்னது சரி. பிபிஆர் உயிருள்ள வைரஸ் மருந்து, தோலடியில் 1 மி.லி. கூடவே வரும் கரைப்பானையும் (மருந்துத் தூளைக் கரைக்கும் நீர்) குளிர வைத்த பிறகுதான் கலக்க வேண்டும். கலந்ததை ஐஸில் வைத்து 2 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள். ஸ்பிரிட்டில் ஊறிய சிரிஞ்சு பட்டாலே வைரஸ் செத்துவிடும். பிபிஆர் எதிர்ப்பு ஏறக்குறைய 3 ஆண்டு நிற்கும், அதனால் பழைய பதிவைப் பாருங்கள். துள்ளுமாரி அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், லேபிளைப் படித்துப் போடுங்கள்.

கோமாரி மருந்து எண்ணெய் கலந்தது. மாட்டுக்குக் கழுத்துத் தசையில் ஆழமாக 2 மி.லி., 6 மாதத்துக்கு ஒரு முறை. ஓரிரு நாள் பால் குறையலாம், பிறகு சரியாகும். எலுமிச்சை அளவு கெட்டியான வீக்கம் தானே வற்றும். சூடாக, அமுக்கினால் நெகிழ்ந்தால் காட்டுங்கள். மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தால் அன்று ஊசி வேண்டாம்.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் அவிழ்த்து விடாதீர்கள். மூச்சு வாங்குவது, கண்ணிமை வீங்குவது, வாயில் நுரை, தள்ளாட்டம் வந்தால் உடனே அட்ரினலின் (கடும் ஒவ்வாமைக்கான அவசர ஊசி) போட வேண்டும். அது ஊசி போட வரும் கால்நடை ஆய்வாளர் பையில் இருக்கிறதா என்று முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள்.

இந்த எண்ணெய் மருந்து உங்கள் விரலில் குத்திவிட்டால் சாதாரணமாக நினைக்காதீர்கள். வீக்கம் ரத்த ஓட்டத்தை அடைத்து விரலையே இழக்க நேரலாம். லேபிளோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பட்டிக்காடு:
ரொம்ப நன்றி டாக்டர், நன்றி அண்ணே. தெர்மாஸ்ல ஐஸ் நிரப்பிக் கொண்டு வந்தா போதுமா?

கிடைமறி:
போதும், ஆனா ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஐஸ்பேக்கை அப்படியே பாட்டிலோட ஒட்டி வைக்காதீங்க. வெளிய வியர்க்கிற வரைக்கும் காத்திருந்து, பேப்பர் சுத்தி வைங்க. 2–8 டிகிரி இருக்கணும். கோமாரி, துள்ளுமாரி மருந்து உறைஞ்சிட்டா அதோட சரி, உருகினாலும் வேலை செய்யாது. பாட்டிலைக் குலுக்கிப் பாருங்க. ஒண்ணாக் கலக்காம தனித்தனியா பிரிஞ்சு நின்னா அந்த பாட்டிலைத் தொடாதீங்க. காலியான பிபிஆர் பாட்டிலைக் கொதிக்க வெச்சுப் புதைச்சிடுங்க.