ஒன்பதாம் மாதப் பரிசோதனையும் வலக்கைப் பழக்கமும்: அனுபவப் பகிர்வு

ஒரு தாய், திண்டுக்கல்

என் மகனுக்கு ஒன்பது மாதம் நிறைந்த நான்காம் நாள் அவனைக் குழந்தைகள் நல மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். தடுப்பூசிக்காகப் போவதாகத்தான் வீட்டில் பேச்சு. ஆனால் என் மனத்தில் இருந்த கவலை வேறு: பிள்ளை இன்னும் தவழவில்லை. அதே வாரத்தில் பிறந்த எதிர்வீட்டுக் குழந்தை வாசல்வரை தவழ்ந்து வந்து கோலத்தைக் கலைத்துக்கொண்டிருக்க, இவனோ உட்கார வைத்த இடத்திலிருந்து பிட்டத்தைத் தேய்த்து ஓரடி ஈரடி நகர்வதோடு சரி.

எடை 8.6 கிலோ, நீளம் 71 செ.மீ., தலைச் சுற்றளவு 44.5 செ.மீ. வளர்ச்சி அட்டையில் மூன்று புள்ளிகளும் பச்சைக் கோட்டை ஒட்டியே விழுந்தன. தவழாததைப் பற்றி நான் கேட்டபோது மருத்துவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகச் சுகாதார அமைப்பு இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வில், நூற்றுக்கு நான்கு குழந்தைகள் முட்டி போட்டுத் தவழாமலேயே எழுந்து நடந்திருக்கிறார்கள் என்றும், தவழ்கிறவர்களிலும் சிலருக்குப் பதின்மூன்றரை மாதம்வரை ஆகிறது என்றும் சொன்னார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

அப்போதுதான் என் மாமியார் பெருமையோடு குறுக்கிட்டார். “எதைக் கொடுத்தாலும் சோற்றுக் கையால்தான் வாங்குவான் டாக்டர், பீச்சாங்கையை நீட்டவே மாட்டான்.”

எழுதிக்கொண்டிருந்த மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து இரண்டு சிவப்பு மரக்கட்டைகளை எடுத்தார். ஒன்றை அவன் வலக்கையில் கொடுத்து, மற்றொன்றை இடப்பக்கம் நீட்டினார். இந்த வயதில் கைக்கொரு கட்டையாகப் பிடித்துத் தட்ட வேண்டும். இவன் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு, வலக்கையையே உடம்புக்குக் குறுக்காக நீட்டி அதையும் வாங்கினான். மருத்துவர் வலக்கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு மறுபடியும் நீட்டியபோது இடக்கை வந்தது. ஆனால் கட்டை விரல் உள்ளே மடிந்த முஷ்டியாக வந்து, கட்டையைப் பிடிக்காமல் தள்ளியது. பிறகு அவனை வயிற்றில் ஏந்தி, மேசையை நோக்கிச் சட்டென்று தலைகீழாகச் சாய்த்தார். விழப்போகும்போது இரு கைகளையும் விரித்து ஊன்றும் அனிச்சைச் செயல் எட்டு ஒன்பது மாதத்தில் வந்துவிடுமாம். வலக்கையின் ஐந்து விரல்களும் விரிந்து மேசையைத் தொட்டன. இடக்கை முழங்கையில் மடிந்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

ஒரு வயதுக்கு முன் குழந்தைக்குச் சோற்றுக் கை, பீச்சாங்கை என்ற வேறுபாடே இருக்கக் கூடாது என்றும், ஏறத்தாழ ஒன்றரை வயதுவரை இரண்டும் சமமாக இயங்க வேண்டும் என்றும், ஒரு கையை மட்டும் விரும்புவதாகத் தோன்றினால் மற்றக் கையால் முடியவில்லையா என்று பார்க்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார். தினமும் குளிப்பாட்டும்போது இவனுடைய இடது உள்ளங்கையில் மட்டும் நூலும் அழுக்கும் திரண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். விரல்களைப் பிரித்துத் துடைத்தும் விட்டிருக்கிறேன். அதைக் கேள்வியாக்கத் தோன்றவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்ததில், பிறப்பை ஒட்டிய நாட்களில், இடக்கையை இயக்கும் மூளையின் வலப்பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைபட்டதன் பழைய தழும்பு தெரிந்தது. டி.இ.ஐ.சி. என்று எல்லோரும் சொல்லும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் மறுவாரமே பயிற்சி தொடங்கியது. நாளில் சிறிது நேரம் வலக்கைக்குக் காலுறை மாட்டிவிட்டு, பொரியை இடப்பக்கத் தட்டில் வைப்போம். இரண்டு கையும் சேர்ந்தால்தான் பிடிக்க முடிகிற பெரிய சாத்துக்குடியை உருட்டிவிடுவோம். உட்கார்ந்து ஓடும் சக்கர வாக்கரை உடனே வீட்டைவிட்டு அனுப்பச் சொன்ன பயிற்சியாளர், பழைய மர நடைவண்டியை மட்டும், அவன் பிடித்து நிற்கத் தொடங்கிய பிறகு, வாங்கச் சொன்னார். அதன் குறுக்குக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகிறது. இப்போது பதினைந்து மாதம். வண்டி இன்னும் கொஞ்சம் வலப்பக்கமாகவே இழுக்கிறது.

அன்று போட வந்த தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ திரவமும் முறைப்படி முடிந்தன.

ஒரு தந்தை, கோயம்புத்தூர்

எங்கள் அனுபவம் இதற்கு நேர்மாறானது. இல்லாத குறையை நானே கண்டுபிடித்தேன். என் மகள் 32 வாரத்தில் பிறந்தவள். ஒன்பதாம் மாதம் அவள் முதுகு வளையாமல் உட்காரவும் இல்லை, கையைத் தட்டவும் இல்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் கைகொட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்தில் வைத்தார்கள் என்று என் தந்தை வேறு நினைவூட்டினார். அந்தப் புலவர்கள் குறைமாதப் பிள்ளைகளுக்கு விலக்கு எதுவும் சொல்லிவைக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் உருவாக்கப்பட்ட வளர்ச்சி அட்டவணை ஒன்று உண்டு. இரண்டு வயதுவரைக்கான 17 செயல்கள் அதில் படுக்கைக் கோடுகளாக இருக்கும். குழந்தையின் வயதில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்பக்கமே முடிந்துவிடும் செயல் எதையேனும் குழந்தை செய்யவில்லையா என்று பார்க்க வேண்டும். நான் வீட்டிலேயே அச்செடுத்து, ஒன்பதில் அளவுகோலை வைத்துச் சிவப்பு மையில் கோடிட்டு மருத்துவரிடம் நீட்டினேன். அவர் சிரிக்காமல் வாங்கி, அளவுகோலை இரண்டு மாதம் இடப்பக்கம் நகர்த்தி, பென்சிலால் வேறொரு கோடு போட்டார். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்தவளுக்கு வளர்ச்சிக் கணக்கில் வயது ஏழு மாதம்தான். இரண்டு வயதுவரை இப்படித்தான் கழித்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் அவள் செய்யாதது ஒன்றுமில்லை.

அப்படியானால் ஊசியையும் இரண்டு மாதம் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். கூடாது; தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. இந்த ஒன்றை என்னைப் போல் குழப்பிக்கொள்பவர்கள் பலர் என்பதால் எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், சிவகங்கை

சகோதரியின் பதிவைப் படித்தபோது எனக்கு என் பேத்தியின் காது நினைவுக்கு வந்தது. “பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா?” என்று ஆயிரம் தாய்மார்களிடம் கேட்ட நான், என் வீட்டில் கோட்டை விட்டேன். அவள் திரும்பத்தான் செய்தாள். வளையல் அணிந்த கையை ஆட்டிக்கொண்டே நாங்கள் கூப்பிட்டதால் திரும்பினாள். நான்காம் மாதத்தில் ‘ங்ங்ஆ’ என்று நன்றாகக் குரல் கொடுத்தவள், பத்து மாதமாகியும் ‘மாமா’, ‘தாத்தா’ என்று அசையை அடுக்கவில்லை. காது கேளாத குழந்தையும் தொடக்கத்தில் மற்றவர்களைப் போலவே குரலெழுப்பும் என்பதால், முதல் மாதங்களின் மழலையை நம்பி நாங்கள் இருந்துவிட்டோம். ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் மின் அலைகளைப் பதிவு செய்யும் ‘பெரா’ பரிசோதனைக்குப் பிறகு பதினோராம் மாதத்தில் இரு காதுக்கும் கருவி பொருத்தினோம்.

வீட்டில் பார்க்க விரும்புகிறவர்கள் குழந்தை வேறொன்றில் கவனமாக இருக்கும்போது, பின்னால் இரண்டு முழம் தள்ளி நின்று, மெல்லிய குரலில் கூப்பிடுங்கள். நிழல் முன்னால் விழாத பக்கமாக நிற்க வேண்டும்; எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலை வெயிலில் என் நிழலைப் பார்த்தே அவள் எத்தனையோ முறை திரும்பியிருக்கிறாள்.