புறநகர்ப் பேருந்து: தெரு முனை வரை வேண்டுமா, பத்து நிமிடத்துக்கு ஒன்று வேண்டுமா?

செந்தூரன்:
புறநகர்ப் போக்குவரத்தை மேம்படுத்த ஒரு வரைவை வெளியிட்டு, பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். அந்த வரைவைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கம் இது. குடியிருப்புகளுக்குள் வளைந்து நெளிந்து நகர மையம் வரை போகும் பேருந்துகள் நிறுத்தப்படும். பதிலுக்கு, பெரிய சாலைகளில் நேராக ரயில் நிலையம் வரை பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து. அங்கிருந்து ரயில் மாற வேண்டும்.

நான் இதை ஆதரிக்கிறேன். கணக்கு எளிது. போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும் மூன்று வழித்தடங்கள், கையில் ஆறு வண்டிகள் என்று வைத்துக்கொள்வோம். தடத்துக்கு இரண்டு என்று பிரித்தால் அரை மணிக்கு ஒன்றுதான் வரும். ஆறையும் ஒரே தடத்தில் விட்டால் பத்து நிமிடத்துக்கு ஒன்று. நேரடி வண்டிக்குச் சராசரியாக 15 நிமிடம் நிற்கிறோம். மாறிப் போனால் பேருந்துக்கு 5, ரயிலும் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் அதற்கு 5. ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல் கிடைக்கும் லாபம் இது. எதிர்ப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள், பேசுவோம்.

மல்லிகா:
காரணம் சொல்கிறேன். அரை மணிக்கு ஒரு வண்டி என்றால் யாரும் கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்பதில்லை. 6.20 வண்டி என்று தெரியும், 6.16-க்கு நிறுத்தத்துக்கு வந்துவிடுவோம். நான்கு நிமிடம்தான் நிற்கிறோம், பதினைந்து இல்லை. உங்கள் சராசரியில் பயணிக்கு மூளையே இல்லை.

அப்புறம், மாறுவது என்றால் என்ன என்று என் அப்பாவோடு ஒரு நாள் வந்து பாருங்கள். அவருக்கு ஊன்றுகோல். எங்கள் நிலையத்தில் பேருந்து நிற்பது ஒரு பக்கம், நகரத்துக்குப் போகும் நடைமேடை மறுபக்கம். நடுவில் மேம்பாலம், 42 படிகள், நான் எண்ணியிருக்கிறேன். பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பின்னால் வருபவர்கள் தோளை உரசிக்கொண்டு ஏறுவார்கள். மேலே போய்ச் சேரும்போது ரயில் கிளம்பியிருக்கும். இதற்கு உங்கள் கணக்கில் எத்தனை நிமிடம் போட்டீர்கள்?

செந்தூரன்:
படிக்கட்டு விஷயம் உண்மை. லிப்ட் வராமல் வண்டி மாறச் சொல்வது தவறு, அதை எழுதியே அனுப்புகிறேன்.

ஆனால் காலை 6.20 உங்களுக்குத் தெரியும். மாலை? வேலை எப்போது முடியும் என்பது உங்கள் கையிலா இருக்கிறது? கிளம்பும்போது மேலாளர் கூப்பிட்டால் ஒரு வண்டி போய்விடும், முழுதாக அரை மணி நிற்க வேண்டும். அடிக்கடி வண்டி இருப்பதன் அருமை திரும்பி வரும்போதுதான் தெரியும்.

நெடுவழி:
இரண்டு பேரும் ஒரு வழியை விட்டுவிட்டீர்கள். சுவிட்சர்லாந்தில் 1982-இல் நாடு முழுக்க ரயில்களை ஒரே தாளத்தில் ஓட வைத்தார்கள். ஒவ்வொரு மணியும் அதே நிமிடத்தில் வண்டி. பெரிய சந்திப்புகளில் எல்லா வண்டிகளும் முழு மணிக்குச் சற்று முன் வந்து சேரும், சற்றுப் பின் கிளம்பும். சிறிய ஊர்களில் தபால் பேருந்துகளும் ரயிலுக்காகக் காத்திருக்கும். அரை மணிக்கு ஒன்றுதான் என்றாலும் மாறுவதற்கு ஐந்து நிமிடம் போதும். இதை விரிவாக்கும் திட்டத்துக்கு 1987 டிசம்பரில் பொதுவாக்கெடுப்பில் மக்களே ஒப்புதல் கொடுத்தார்கள். நேரம் பிசகாமல் ஓட்ட முடிந்தால் வண்டியைக் கூட்டாமலே இது நடக்கும்.

முன்னாள் நடத்துநர்:
நேரம் பிசகாமல் ஓட்ட முடிந்தால். அதுதான் விஷயமே. இருபத்தாறு வருடம் பையைத் தோளில் மாட்டியவன் சொல்கிறேன். டிரிப்புக்கு 50 நிமிடம் என்று அட்டவணையில் போடுவார்கள். காலை நேரத்தில் 65 ஆகும். ஓட்டுநர் என்ன செய்வார்? கடைசி இரண்டு நிறுத்தங்களை விட்டுவிட்டுத் திரும்புவார், அல்லது டீ குடிக்கும் நேரத்தைத் தின்பார். திட்டம் போட்டவர் அதைப் பார்ப்பதில்லை.

செந்தூரன் தம்பிக்கும் ஒன்று. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று விட்ட வண்டி பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வராது. முன்னால் போவது இரண்டு நிமிடம் பிந்தினால் நிறுத்தத்தில் கூட்டம் சேரும். கூட்டம் ஏற ஏற இன்னும் பிந்தும். பின்னால் வருவதற்கு ஆளே இருக்காது, வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும். கடைசியில் இருபது நிமிடம் ஒன்றும் வராது, அப்புறம் இரண்டு சேர்ந்து வரும். எல்லாக் கதவிலும் ஏற்றி இறக்கி, தனிப்பாதை கொடுத்து, நடுவில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி இடைவெளியைச் சரி செய்தால்தான் உங்கள் 5 நிமிடம் உண்மையாகும். வரைவில் தனிப்பாதை பற்றி ஒரு வரி உண்டா?

செந்தூரன்:
"பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி. நீங்கள் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று புரிகிறது, ஐயா.

மல்லிகா:
இதை அவசரமாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு சிலி நாட்டுத் தலைநகர் சாந்தியாகோ இருக்கிறது. 2007 பிப்ரவரியில் ஒரே நாளில் எல்லா வழித்தடங்களையும் மாற்றினார்கள். நேரடியாகப் போனவர்கள் மாற வேண்டியதாயிற்று. போதுமான பேருந்து இல்லை, மெட்ரோ நெரிந்தது. அதிபர் பாச்சலெட் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

செந்தூரன்:
அதே மாதிரி மாற்றம் தென் கொரியாவின் சியோலில் நிலைத்தது. 2004 ஜூலை 1-ஆம் தேதி அங்கேயும் ஒரே நாளில்தான் மாற்றினார்கள். முதலில் கட்டண அட்டைக் கருவிகள் மக்கர் செய்து பெரிய குழப்பம், மேயர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் வண்டி மாறினாலும் மொத்த தூரத்துக்குத்தான் கட்டணம் என்று வைத்தார்கள். மாறுவதற்குத் தண்டனை இல்லை. அந்த முறை இன்றுவரை ஓடுகிறது. எனவே மாறுவது குற்றமில்லை, மாறுவதற்கு மறுபடி டிக்கெட் வாங்க வைப்பதுதான் குற்றம்.

மல்லிகா:
சரி, மக்களிடம் கருத்துக் கேட்கிற முறைக்கு வருகிறேன். எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. கூட்டம் வைத்தது செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு. பேருந்தில் வேலைக்குப் போகிறவர் யார் வருவார்? நான் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனேன். ஒலிவாங்கி கையில் வருவதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பேச இரண்டு நிமிடம். திரையில் வண்ணக் கோடுகளோடு ஒரு வரைபடம். எங்கள் தெருவில் நேற்று வரை இருந்த கோடு அதில் இல்லை. "ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்றார்கள். படிவத்தில் இருக்கும் கேள்வி, "சேவை மேம்பட வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" வேண்டாம் என்று யார் சொல்வார்?

செந்தூரன்:
இதில் நான் முழுதாக உங்கள் பக்கம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் இதே வேலையைச் செய்தபோது கோடு போடும் முன்பே கேள்வியை வெளிப்படையாக வைத்தார்கள். இருக்கிற பணத்தில் எவ்வளவு அதிகப் பயணிகளை ஈர்க்கும் சேவைக்கு, எவ்வளவு ஆள் குறைந்த இடங்களையும் விடாமல் எட்டும் சேவைக்கு? 80-க்கு 20 என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. 2014 மே மாதம் வரைவு வந்தது, மக்கள் சொன்னதை வைத்துத் தடங்களைத் திருத்தினார்கள், 2015 ஆகஸ்டில்தான் ஓடத் தொடங்கியது. இங்கே அந்த விகிதத்தை யார் முடிவு செய்தார்கள் என்றே தெரியவில்லை. ஆனாலும் வளைந்து போகும் தடம் அப்படியே இருக்கட்டும் என்பதை என்னால் ஏற்க முடியாது.

மல்லிகா:
ஏற்க வேண்டாம். ஒன்று செய்தேன், சொல்கிறேன். நான் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன், ஷிப்ட் முடிவது இரவு 9.40. நேற்று வருகைப் பதிவு எந்திரத்தின் பக்கத்தில் படிவக் கட்டோடு நின்றேன். தெரு முனையா, அடிக்கடியா என்று கேட்டேன். இரண்டையும் யாரும் சொல்லவில்லை. "பத்து மணிக்கு மேல் வண்டி இருக்குமா?" என்றுதான் கேட்டார்கள். எங்கள் கடைசி இணைப்புப் பேருந்து 10.05. ரயில் வருவது 10.07. மழை நாளில் அந்தப் பேருந்தின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற ஒரு அக்கா, காலையில் பத்து நிமிடம் கூட நடக்கத் தயார், இரவில் தனியாக நடக்கத்தான் முடியாது என்றார்.

முன்னாள் நடத்துநர்:
இரண்டே நிமிடம். ரயில் வந்துவிட்டதா என்று பேருந்து ஓட்டுநருக்குச் சொல்ல ஆளில்லை. பணிமனையிலிருந்து ஒரு போன் போதும்.

செந்தூரன்:
வரைவை இப்போது மறுபடி முழுக்கப் புரட்டினேன். காலை நேரத்துக்கு நான்கு பக்க அட்டவணை இருக்கிறது. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று எந்தத் தடத்துக்கும் போடவில்லை. மல்லிகா, அந்தப் படிவங்களை என் மனுவோடு சேர்த்து அனுப்பலாமா? தெருத் தடம் பற்றி நீங்கள் தனியாக எழுதுங்கள், அதில் நான் எதிராகத்தான் எழுதுவேன்.

மல்லிகா:
அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை இரவு ஷிப்டிலும் கேட்டுவிட்டுத் தருகிறேன், கடைசி நாள் திங்கட்கிழமைதானே. அந்த 42 படிகளையும் மறக்காமல் எழுதுங்கள்.