சிட்டி விடெக்குக்கு எந்த ஈசியூ (இன்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர்) போடலாம்? கொஞ்சம் வழி சொல்லுங்க

வண்டி 2002 ஹோண்டா சிட்டி 1.5 விடெக். டர்போ போடும் எண்ணம் இல்லை. ஹெடர் (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) மாற்றி, வால்வுகளைத் திறக்கும் கேமும் கொஞ்சம் பெரிதாகப் போட்டாச்சு. 5000 ஆர்பிஎம் தாண்டினால் பறக்கிறது, ஆனால் சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் முள் 600க்கும் 1100க்கும் நடுவே ஏறி இறங்குகிறது, ஏசி போட்டால் சில சமயம் அணைந்தே போகிறது. காற்றை அளக்க இதில் தனி மீட்டர் கிடையாது, மேப் சென்சார் சொல்லும் இன்டேக் குழாய் அழுத்தத்தை வைத்துத்தான் ஈசியூ பெட்ரோலைக் கணக்குப் போடுகிறது, பெரிய கேமால் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) வேக்குவம் குறைந்து அந்தக் கணக்கு தப்பாகிறது என்பது வரை புரிகிறது.

மெக்கானிக் பிக்கிபேக் போதும் என்கிறார். சென்சார் சிக்னலைத் திருத்தி ஈசியூவை ஏமாற்றும் பெட்டிதானே அது, பெட்ரோலைச் சரிசெய்யப் போய் இக்னிஷன் டைமிங்கும் சேர்ந்து நகர்ந்துவிடாதா? ஹோண்டா ஈசியூவை டியூன் செய்ய உதவும் ஹோண்டாடா எஸ்300 போர்டு மேல் ஒரு கண், ஆனால் அது பழைய ஓபிடி1 தலைமுறை ஹோண்டா ஈசியூவில் உட்காருவது, அதைத் தேடிப் பிடித்து வயரிங்கையும் பொருத்த வேண்டும். லிங்க், ஹால்டெக் மாதிரி கம்பெனி ஈசியூவுக்குப் பதிலாகவே போடும் ஸ்டாண்டலோன் என்றால் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது, அப்புறம் கோல்டு ஸ்டார்ட்டிலிருந்து ஏசி ஐடில் வரை எல்லாமே புதிதாக டியூன் செய்யணும். நாமே அசெம்பிள் செய்யக்கூடிய மெகாஸ்குர்ட் ஈசியூவை தினமும் ஓட்டும் வண்டியில் நம்பலாமா?

தினம் ஆபீஸ், எப்போதாவது கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக், அவ்வளவுதான் என் ஓட்டம். கோவையிலோ சென்னையிலோ வைட்பேண்ட் (காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் சென்சார்) மாட்டி டைனோவில் (பவர் அளக்கும் மெஷின்) பொறுமையாக டியூன் செய்பவர் யார், அவர் கை பழகிய சிஸ்டம் எது? அதையே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.