'வின்சம்': வசீகரமா, இனிமையா?

சொல்வேட்டை: ஒரு மொழிபெயர்ப்பில் ஒருவருடைய சிரிப்பைச் சொல்லும் 'வின்சம்' (winsome) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'வசீகரமான' என்று போட்டிருந்தேன். அது தப்பு, 'இனிய' என்றுதான் வரவேண்டும் என்று ஒருவர் திருத்திவிட்டார். எனக்கு ஒப்பவில்லை. சொல்லுக்குள்ளேயே 'வின்' இருக்கிறது, வெல்வது. மனதை வெல்பவரை வசீகரமானவர் என்றுதானே சொல்வோம்?

வேர்தேடி: திருத்தியவர் சொன்னதுதான் சரி. இந்த 'வின்' வெற்றி இல்லை, பழைய ஆங்கிலத்தில் மகிழ்ச்சிக்கு இருந்த சொல். ஜெர்மனில் இன்றும் 'வொன்ன' என்றால் பேரின்பம். பெயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் விருந்து மண்டபத்தில் வீரர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில், அவர்களுடைய பேச்சுக்கு இதே அடைமொழிதான் வருகிறது. அங்கே யாரும் யாரையும் மயக்கவில்லை, பேச்சு இனிமையாக இருந்தது, அவ்வளவுதான்.

சொல்வேட்டை: அது ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கதை. 'ஹேண்ட்சம்' கூட முதலில் கையாள எளிதானது என்ற பொருளில் வந்த சொல்தான், அதற்காக இன்றைக்கு அழகான ஆணை 'கைக்கு வசதியானவர்' என்று மொழிபெயர்ப்போமா? வேரைப் பார்த்துப் பொருள் எழுதக் கூடாது.

நெடுநல்: இன்னும் பின்னால் போனால் இரண்டு 'வின்'னும் ஒன்றுதான். விரும்புதல், அதற்காக முயலுதல் என்ற பொருளுள்ள ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர், அதாவது ஆங்கிலம், லத்தீன், சமஸ்கிருதம் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை மொழியின் வேர். ரோமானியக் காதல் தெய்வமான வீனஸின் பெயரும் அதிலிருந்து வந்தது, நாம் சமஸ்கிருதத்திலிருந்து வாங்கிய 'வனிதை'யும் அதே குடும்பம்தான், விரும்பப்பட்டவள். இது எனக்கு எப்போது நினைத்தாலும் சிலிர்ப்பு.

வேர்தேடி: ஆமாம், ஆனால் ஆங்கிலம் பிறப்பதற்கு முன்பே பிரிந்த கிளைகள் அவை. சரி, வேரை விடுங்கள், வழக்கையே பார்ப்போம். ஸ்காட்லாந்துப் பக்கம் பிழைத்திருந்த இந்தச் சொல்லை அந்த ஊர்க் கவிஞன் ராபர்ட் பர்ன்ஸ் 1792-இல் ஒரு பாட்டில் தன் மனைவியைச் சொல்ல எடுத்துக்கொள்கிறான், அதில் இருப்பது கொஞ்சல். இன்றும் கள்ளமில்லாத சிரிப்புக்கும் குழந்தை முகத்துக்கும்தான் இது அதிகம் பொருந்துகிறது. வசீகரம் என்றால் வசப்படுத்துவது, அது 'சார்ம்' என்ற சொல்லுக்குப் பொருந்தும், ஏனென்றால் அதன் லத்தீன் மூலமான 'கார்மென்' பாட்டையும் மந்திரத்தையும் குறித்தது.

சொல்வேட்டை: கள்ளமில்லாத என்பதை ஏற்கிறேன். ஆனால் அது வேரிலிருந்து வரவில்லை, வழக்கிலிருந்து வந்தது, என் வாதமும் அதுதான். அப்புறம், வெறும் 'இனிய' என்று போட்டால் அந்தக் கள்ளமின்மை எங்கே போகிறது? பேச்சும் இனிது, காற்றும் இனிது. நான் 'வெள்ளந்தியான இனிய சிரிப்பு' என்று மாற்றப் போகிறேன்.

வேர்தேடி: வெள்ளந்தி வேண்டாம், அதில் ஏமாளி என்ற சாயல் இருக்கிறது. 'கள்ளமில்லா இன்சிரிப்பு' என்று போட்டுப் பாருங்கள்.