'ஐயந்தீராப் புகார்': காவலர்கள்மீதான புகார்ப் பதிவுகளுக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் தரும் நியூயார்க் நகரக் காவலர்கள்மீதான புகார்ப் பதிவுகளில் வரும் 'அன்சப்ஸ்டான்ஷியேட்டட்' (நடந்ததா இல்லையா என்று துணிய முடியாதது) என்ற முடிவை 'ஆதாரமற்ற புகார்' என எழுதலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. மறுப்பறிக்கை விடும் எல்லோரும் கையாளும் சொல் அது. 'ஆதாரமற்ற குற்றச்சாட்டு' என்றாலே பொய்க் குற்றச்சாட்டு என்றுதான் தமிழ் வாசகர் கொள்வார்.

அந்நகரில் இப்புகார்களை விசாரிக்கும் குடிமக்கள் புகார் ஆய்வு வாரியம், ஒரு புகாரிலுள்ள ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியே முடிவு சொல்கிறது. காவலர் ஒருவர் ஓர் இளைஞரைத் தெருவில் நிறுத்தி, பையைச் சோதித்து, இழிசொல்லும் பேசினார் என்று ஒரு புகார் வருவதாகக் கொள்வோம். சோதித்ததைக் காவலரே ஒப்புக்கொள்கிறார். விதிகளும் அதற்கு இடம் தருகின்றன. ஆகவே அது 'விதிக்குட்பட்டது'. இழிசொல்லுக்கோ ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வாக்குமூலங்களைத் தவிர வேறு சான்று இல்லை. சட்டையில் பொருத்திய கேமராவும் அப்போது இயக்கப்படவில்லை. நடந்தது என்றோ நடக்கவில்லை என்றோ வாரியத்தால் துணிந்து சொல்ல முடியாத இந்த நிலைக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும். நடக்கவே இல்லை என்று சான்றுகள் காட்டும் குற்றச்சாட்டுக்கு வேறொரு முடிவு உண்டு. 'ஆதாரமற்றது' என்பதை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

'நிறுவப்படாதது' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். கணக்குப் பாடத்தில் 'நிறுவுக' என்று படித்தவர்களுக்கு அது விளங்கும். ஆனால் கணினித் திரையில் அச்சொல்லைக் காண்பவர் ஏதோ மென்பொருள் இன்னும் நிறுவப்படவில்லை என்றே நினைப்பார்.

எனவே 'ஐயந்தீராப் புகார்' என்பதை முன்மொழிகிறேன். அட்டவணையில் 'ஐயந்தீராதது' எனலாம். இது காவலர்மேல் ஐயத்தை நிறுத்திவிடாதா என்ற கேள்வி நியாயமானது. இங்கே ஐயம் நிகழ்ச்சியைப் பற்றியது. அது இரு தரப்பையும் சம தொலைவில் நிறுத்துகிறது என்பது என் கருத்து. வாரியமே பின்னாளில் 'அன்சப்ஸ்டான்ஷியேட்டட்' என்ற பழைய சொல்லைக் கைவிட்டு, 'தீர்மானிக்க இயலவில்லை' என்று பொருள்படும் தொடருக்கு மாறியது.

1976இல் இயற்றப்பட்ட 50-ஏ என்ற சட்டப்பிரிவு, நியூயார்க் மாநிலக் காவலர்களின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு எட்டாமல் வைத்திருந்து, 2020 ஜூனில்தான் நீக்கப்பட்டது. 44 ஆண்டுகள் கழித்துத் திறந்த ஏட்டை நாம் தமிழில் தரும்போது, ஒரு சொல்லால் புகார் கொடுத்தவரைப் பொய்யராக்கிவிடக் கூடாது.

வழக்குகளிலும் இதே கவனம் தேவை. காவலர்மீதான பல வழக்குகளை, தவறு நடந்ததாக ஒப்புக்கொள்ளாமலே நகர நிர்வாகம் பணம் கொடுத்து முடித்துக்கொள்கிறது. அதை 'இழப்பீடு' என்றால் நீதிமன்றம் குற்றம் கண்டு விதித்த தொகை போலத் தோன்றும். 'இணக்கத் தொகை' எனலாம் என்று நினைக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தெரிவியுங்கள்.