கலைச்சொல் உதவி: ரயில் பாதையின் அகலம் மாறும் இடம்

கோலாலம்பூர், மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். அமெரிக்க ரயில் வளர்ச்சி பற்றிய சிறுவர் துணைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு தண்டவாளத் தலைகளின் உள்விளிம்புகளுக்கு இடைப்பட்ட அளவு 'பாதை அகலம்'. அதில் சிக்கல் இல்லை. ஓர் அகலம் முடிந்து வேறு அகலம் தொடங்கும் நிலைக்கு 'அகல முறிவு' என்று வைத்திருக்கிறேன். வணிகம் அங்கேதான் அறுந்தது. பெட்டி தாண்டாது, சரக்கை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். கூலி, தாமதம், சேதம். பென்சில்வேனியாவின் ஈரி நகரத்தார் அகலத்தை ஒன்றாக்கினால் அந்த ஏற்றிறக்குப் பிழைப்பு போய்விடும் என்று 1853இல் தண்டவாளத்தையே பெயர்த்தார்கள்.

பட்டர்வொர்த், ஆசிரியை:
'முறிவு' என்றால் தண்டவாளம் உடைந்துவிட்டது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். 'அகலம் மாறுமிடம்' போதாதா? உதாரணத்துக்கு கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் இருக்கிறது. மலாயா ரயில்வேயான கேடிஎம்மின் பாதை 1000 மில்லிமீட்டர், விமான நிலைய ரயில் 1435. ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது.

ஜார்ஜ்டவுன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அது விளக்கம், சொல் அன்று. 'தடவகல முறிவு' என்க. தடம்+அகலம், மகரம் கெட்டு வகர உடம்படுமெய், மரவடி போல. 'கவலை'யும் எண்ணத்தக்கது. சங்கப் பாட்டில் கவர்த்த வழிக்கு, அதாவது கிளையாகப் பிரியும் வழிக்கு, அதுவே பெயர். கவை, கவடு, கவட்டை எல்லாம் அந்த வேர்தான். 'ரயில் பாதை'யையும் 'இருப்புப்பாதை' ஆக்குங்கள்.

ஆசிரியை:
ஐயா, 'தடவ', 'கலம்' என்று பிரித்துப் படிப்பார்கள். 'இருப்பு' அவர்களுக்குக் கடைச்சரக்கு. 'ரயிலுக்கு என்ன கவலை?' என்று கேட்டால் நான் என்ன சொல்வது? கவர்வழியில் அகலமும் மாறுவதில்லையே.

பிரிக்பீல்ட்ஸ், ரயில் பொறியாளர்:
1886 பத்தியில் வைத்துப் பாருங்கள். அமெரிக்கத் தென் மாநிலங்களின் 5 அடிப் பாதை மே 31, ஜூன் 1 இரண்டே நாளில் 4 அடி 9 அங்குலம் ஆனது. புதிய இடத்தில் உள்பக்க ஆணிகளை முன்பே அடித்து வைத்தார்கள். பழைய ஆணிகளில் வண்டி ஓடத் தேவையானதை மட்டும் விட்டு மற்றதைப் பிடுங்கினார்கள். அன்றைக்கு ஒரு பக்கத் தண்டவாளத்தை 3 அங்குலம் உள்ளே தள்ளி அறைந்ததுதான் வேலை. சக்கரங்களையும் அச்சில் அதே அளவு நெருக்க வேண்டும். இன்ஜினில் அது பெரிய தொல்லை. வடக்கின் 4 அடி 8½ அங்குலத்தோடு அரை அங்குலம்தான் பேதம், வண்டி ஓடிவிடும். இந்த வேலைக்குத்தான் 'அகல மாற்றம்' என்கிறோம். முந்தைய நிலையிலும் 'மாறு' வந்தால் குழப்பம். 'முறிவு நீங்கியது' என எழுதலாம்; 'மாறுமிடம் நீங்கியது' நன்றாகவா இருக்கிறது?

மொழிபெயர்ப்பாளர்:
சரி, 'அகல முறிவு'. முதலில் வருமிடத்தில் 'பாதை அகலம் வேறாவதால் வண்டி தாண்ட முடியாத நிலை' என்று ஒரு வரி சேர்க்கிறேன். இனி மாற்ற நேரமில்லை.

ஆசிரியை:
சேருங்கள். வகுப்பில் நான் 'அகலம் மாறுமிடம்' என்றுதான் சொல்வேன்.

தமிழாசிரியர்:
உடம்படுமெய்க்கு யாரும் பதில் சொல்லவில்லை.