காசெல், 11–5: பிராடியா பெரிது, பெலிசிக்கா?

பாஸ்டன் கதிர்:
பூட்டப்பட்ட போன இழையில், அமெரிக்கக் கால்பந்து அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் பற்றிக் கோட்டான் எழுதியதைப் படித்து ராத்திரித் தூக்கமே போச்சு. "டாம் பிராடி என்பது பில் பெலிசிக் பிடித்த களிமண் பொம்மை, 2008ல் மேட் காசெலை வைத்தே 11–5 எடுத்துக் காட்டினார்" என்றார். பிராடி குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்; பெலிசிக் கோச்; காசெல் பிராடிக்கு மாற்று ஆள்; 11–5 என்றால் 11 வெற்றி, 5 தோல்வி. பிராடியும் பெலிசிக்கும் சேர்ந்து 20 வருஷம், வென்றது 6 சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்). அதில் யார் பங்கு எவ்வளவு என்று பேசலாம், தப்பில்லை. ஆனால் பொம்மையா? அந்தப் பொம்மை 2020ல் டாம்பா பே போய், முதல் சீசனிலேயே 31–9 என்று கோப்பையைத் தூக்கியது. பொம்மை பிடித்தவர் அதே சீசனில் 7–9. 2023ல் 4–13, அத்தோடு வீட்டுக்கு. இதற்குப் பதில் சொல்லுங்கள் சார்.

கோட்டான்:
11–5.

சிவப்புச்சட்டை:
காலையிலேயே ஆரம்பித்தாச்சா? குவார்ட்டர்பேக்–கோச் ஜோடி என்றால் சான் பிரான்சிஸ்கோவின் ஜோ மொன்டானா, பில் வால்ஷ். மற்றதெல்லாம் அப்புறம். மொன்டானா ஆடிய சூப்பர் பவுல் 4, வென்றது 4. போட்ட பாஸ் 122, எதிரணி பறித்தது (இன்டர்செப்ஷன்) பூஜ்யம். உங்கள் ஆள் பெலிசிக்கோடு மட்டும் மூன்று சூப்பர் பவுல் தோற்றிருக்கிறார்.

பாஸ்டன் கதிர்:
அந்த நான்கில் கடைசி ஒன்று, டென்வரை 55–10 என்று அடித்தது, ஜார்ஜ் ஸைஃபர்ட் கோச்சாக இருந்தபோது. வால்ஷ் முந்தின வருஷமே ஓய்வு பெற்றாச்சு. ஜோடிக் கணக்கில் மூன்றுதான். ஊதிப் பெரிதாக்க வேண்டாம்.

கோட்டானுக்கு வருகிறேன். 2007ல் பிராடி 50 டச்டவுன் பாஸ் (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி வாங்கித் தருவது), லீகில் 16–0. 2008 முதல் ஆட்டத்திலேயே கான்சஸ் சிட்டிக்காரர் ஒருவர் விழுந்து பிராடியின் முழங்கால் போனது. அப்புறம் 11–5. அதாவது ஐந்து வெற்றி காணாமல் போனது, பிளேஆஃப் என்கிற நாக்அவுட் சுற்றும் இல்லை. 8–8 எடுத்த சான் டியேகோகூட உள்ளே போனது! இதைக் கோச்சுக்குப் பாராட்டுப் பத்திரமாக நீட்டுகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

கோட்டான்:
காசெல் கல்லூரியில் ஒரு ஆட்டத்தில்கூடக் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கியதில்லை. யுஎஸ்சியில் பெஞ்சு, இங்கே வந்தும் பெஞ்சு. அப்படிப்பட்டவரை வைத்து 11. சான் டியேகோ உள்ளே போனது பிரிவில் முதலிடம் என்றால் உள்ளே விடுகிற விதியின் கோளாறு. சரி, 2009ல் பிராடி முழங்காலைச் சரிசெய்துகொண்டு வந்தாரே, எவ்வளவு? 10–6. காசெலைவிட ஒன்று குறைவு. நான் சொல்லவில்லை, அட்டவணை சொல்கிறது.

பாஸ்டன் கதிர்:
காயத்திலிருந்து திரும்பிய வருஷத்தையா எடுப்பது? மனசாட்சி வேண்டும். 2008ல் ஆட்ட அட்டவணையே சோதா. மேற்குப் பிரிவுகள் இரண்டோடும் ஆடினார்கள். ஒன்றில் முதலிடம் 8–8, இன்னொன்றில் 9–7.

கோட்டான்:
அந்த 9–7 அரிசோனா. கொட்டுகிற பனியில் 47–7 என்று அடித்து அனுப்பினார்கள். அதே அரிசோனா ஆறு வாரத்தில் சூப்பர் பவுலில் நின்றது. சோதாதான், பாவம்.

மீனா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "சிறந்த ஜோடி" என்றால் என்ன கணக்கு? சேர்ந்து எத்தனை வென்றார்கள் என்பதா, ஒருவர் இல்லாமல் மற்றவர் என்ன ஆனார் என்பதா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை குறையும்.

கிரீன்பே அண்ணாச்சி:
கோப்பைக் கணக்கு மட்டும் போதுமா தம்பிகளா? எங்கள் கிரீன்பேயின் பார்ட் ஸ்டார், கோச் வின்ஸ் லம்பார்டி. ஏழு வருஷத்தில் ஐந்து பட்டம், முதல் இரண்டு சூப்பர் பவுலும் அதில் சேர்த்தி. ஸ்டார் 1956 டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாக எடுப்பது) 17ஆவது சுற்றில், 200ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். பிராடியின் 199ஐப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1967 டிசம்பர் 31. கிரீன்பேயில் மைனஸ் 25 டிகிரி. தரைக்கு அடியில் போட்ட சூடேற்றி வேலை செய்யவில்லை, மைதானம் பாறை. நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தால் உதட்டுத் தோலும் சேர்ந்து வந்தது. அப்புறம் ஆட்டம் முழுக்கக் கத்தித்தான் நிறுத்தினார்கள். எதிரணி டல்லாஸ் 17–14 என்று முன்னால். 16 வினாடி, கோட்டுக்கு ஒரு யார்டுக்கும் குறைவு, டைம்அவுட் தீர்ந்தது. ஸ்டார் ஓரத்துக்கு வந்து, பின்னால் இருந்து ஓடி வருகிறவர்கள் வழுக்குகிறார்கள், நானே கொண்டுபோகிறேன் என்கிறார். லம்பார்டி மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் ஆட்டக்காரர்கள் கூடி நின்ற வட்டத்தில் போய் ஸ்டார் சொன்னது வேறு. பந்து தனக்குத்தான் என்று சக் மெர்சீன் ஓடி வருகிறார். ஸ்டார் கொடுக்கவில்லை, தானே கோட்டுக்குள் பாய்ந்துவிட்டார். பின்னால் வந்த மெர்சீன், நான் தள்ளவில்லை என்று நடுவருக்குக் காட்ட இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு விழுகிறார். படத்தில் அவர் ஏதோ வெற்றியைக் கொண்டாடுவது போல இருக்கும்! அந்த ஒரு நிமிஷத்தில் இருக்கிறது ஜோடி என்றால் என்ன என்று.

சிவப்புச்சட்டை:
மைனஸ் 13 என்றுதான் நான் படித்திருக்கிறேன் அண்ணாச்சி. பன்னிரண்டு டிகிரியைக் கூட்டியது யார்?

கிரீன்பே அண்ணாச்சி:
அது ஃபாரன்ஹீட் தம்பி. நான் சொன்னது செல்சியஸ்.

சிவப்புச்சட்டை:
அமெரிக்க ஆட்டத்துக்கு அமெரிக்கக் கணக்குச் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே பெரிய எண்ணாகப் போட்டிருக்கிறீர்கள். அதுவும் பிறப்பதற்கு முன்னால் நடந்ததை நேரில் பார்த்த மாதிரி.

கிரீன்பே அண்ணாச்சி:
உன் கொள்ளுத்தாத்தாவை நீ பார்த்ததில்லை. அதற்காக அவர் இல்லை என்று ஆகிவிடுமா?

பாஸ்டன் கதிர்:
தெர்மாமீட்டர் சண்டையை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். 2008தான் இங்கே பேச்சு.

கான்சஸ் காளி:
எங்கள் கான்சஸ் சிட்டியின் மஹோம்ஸ்–ரீட் பெயரே இன்னும் வரவில்லையா? ஐந்து வருஷத்துக்குள் மூன்று கோப்பை. டாம்பாவிடம் வாங்கியது, 2025ல் ஈகிள்ஸிடம் 40–22 என்று வாங்கியது எல்லாம் ஞாபகம் இருக்கிறது, யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம். அப்புறம் ஒரு தகவல்: உங்கள் காசெலை 2009ல் வாங்கினது எங்கள் அணிதான். அந்த வருஷம் 4–12.

பாஸ்டன் கதிர்:
4–12! எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். பிராடிக்காகக் கட்டிய அணியை விட்டு வெளியே வந்ததும் காசெலின் லட்சணம் தெரிந்துவிட்டது.

கோட்டான்:
நானும் பார்த்தேன். பெலிசிக்கை விட்டு வெளியே வந்ததும் 4–12. எனக்காக வாதாடியதற்கு நன்றி.

கான்சஸ் காளி:
2010ல் அதே காசெல் 10–6, ப்ரோ பவுல் என்கிற நட்சத்திர ஆட்டத்துக்கும் போனார். அதை யார் கணக்கில் எழுதுவது?

பாஸ்டன் கதிர்:
அது இப்போது தேவையில்லை. 2018 பிப்ரவரியில் தோற்ற சூப்பர் பவுலுக்கு வாருங்கள். பிராடி 505 யார்டு எறிந்தார். அதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்? பெலிசிக்கின் டிஃபென்ஸ் விட்டுக்கொடுத்தது 41. மூன்று வருஷத்துக்கு முன் சியாட்டிலிடமிருந்து கோட்டோரத்தில் பந்தைப் பிடுங்கிக் கோப்பையே வாங்கித் தந்த மால்கம் பட்லரை அன்று டிஃபென்ஸில் ஒரு தடவைகூட இறக்கவில்லை. பெஞ்சில் கண்ணீரோடு நின்றார். காரணத்தையாவது மேதை விளக்கினாரா?

கோட்டான்:
2019 சூப்பர் பவுலில் ராம்ஸை 3 புள்ளியில் கட்டிப்போட்டதும் அதே டிஃபென்ஸ். அன்று உங்கள் ஆள் ஒரு டச்டவுன் பாஸ்கூடப் போடவில்லை. அது போகட்டும். பிராடி கடைசியில் வென்ற 2017 சூப்பர் பவுலில் அட்லாண்டா 28–3 என்று முன்னால் இருந்தபோது டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனவர்தானே நீங்கள்? நீங்களே எழுதியது. பிராடியை நம்பாதவர் எனக்கு வகுப்பு எடுக்கிறார்.

பாஸ்டன் கதிர்:
அன்று குழந்தைக்குக் காய்ச்சல்.

கோட்டான்:
போன முறை பல் முளைத்தது என்று எழுதியிருந்தீர்கள்.

பாஸ்டன் கதிர்:
பல் முளைத்ததால் காய்ச்சல்! என் வீட்டுக் குழந்தையை இழுக்காதீர்கள்.

சிவப்புச்சட்டை:
நாங்கள் யாரும் டிவியை அணைத்ததில்லை. 1989ல் சின்சினாட்டிக்கு எதிராக மூன்று புள்ளி பின்தங்கி, சொந்த 8 யார்டிலிருந்து 92 யார்டு. 34 வினாடி மிச்சம் வைத்து ஜான் டெய்லர் கையில் பந்து. அந்தச் சின்சினாட்டியில்தான் பால் பிரவுன் தன் கோச் நாற்காலியை வால்ஷுக்குத் தராமல் வேறு ஆளுக்குக் கொடுத்தார். வால்ஷ் அதே அணியை இரண்டு சூப்பர் பவுலில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். வஞ்சம் என்றால் அது. நீங்கள் பல் முளைத்த கதையில் நிற்கிறீர்கள்.

கிரீன்பே அண்ணாச்சி:
பால் பிரவுன் பெயரை எடுத்ததால் சொல்கிறேன். கிளீவ்லாந்தில் குவார்ட்டர்பேக் ஓட்டோ கிரகாமோடு பத்து வருஷம், பத்து இறுதி ஆட்டம், ஏழு பட்டம். அப்புறம், மைனஸ் 25 செல்சியஸ்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மீனா:
என் கேள்வியை யாராவது…

பாஸ்டன் கதிர்:
கோட்டான் சார், உங்களுக்கு ஒரு வழிதான். நாளையிலிருந்து 2008 ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து எழுதப் போகிறேன், தப்பவே முடியாது. முதலில் மயாமி, சொந்த மைதானத்தில் 38–13 என்று வாங்கியது.

கோட்டான்:
அது ஐந்தில் ஒன்று. பதினொன்றை எப்போது ஆரம்பிப்பீர்கள்?